மழை நாள் கோலம்

சென்ற வாரத் தபாலில் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. விஷயந்தான் மனத்தைச் சங்கடப்படுத்தியது. கடிதத்தின் சாரம் இது:

"எனக்கு வயது 42. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது கலியாணம் ஆயிற்று. படிப்பு அத்துடன் நின்றது. விடியற்காலை 5 மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவதில் ஆரம்பித்து, இரவு சமையல் அறையைக் கழுவி விடுகிற வரையில் எனக்கு ஓயாத வேலை. குழந்தைகள் இப்பொழுது பெரியவர்களாகி விட்டபடியால், விட்ட படிப்பைத் தபால் மூலம் படித்து முடித்துப் பட்டம் பெற வேண்டும் என்று ஆசை. மூன்று தடவை பணம் கட்டினேன். மூன்று தடவையும் முதல் வாரம் தூக்கத்தைக்கூட விட்டுப் படித்தேன். இரண்டாவது வாரம் புத்தகத்தைக் கண்டாலே அலுப்பு வந்தது. மூன்றாவது வாரம் புத்தகங்கள் பரண்மேல் ஏறிவிட்டன. 'அம்மாவுக்கு எல்லாம் ஆரம்ப சூரத்தனந்தான்' என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் பிறவியிலேயே சோம்பேறியா? உற்சாகம் நாள்தோறும் குன்றாமல் இருப்பதற்கு ஏதாவது வழி உண்டா?"

இதைப் படித்ததும் எனக்கு முதலில் உண்டான உணர்ச்சி, வழியில் ஒரு சகப் பிரயாணியைச் சந்தித்த சந்தோஷமே. என் அலமாரியில் 11 நாட்குறிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஜனவரி முதல் தேதியன்று, காலையில் சாப்பிட்ட காப்பியின் குணம் முதல் உலக நிலைமை வரையில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் தேதிக்குள் பக்கம் பாதியாகி விடுகிறது. போகிப் பண்டிகையன்று, "இன்று விசேஷம் ஒன்றும் இல்லை" என்ற வாக்கியம் தலைகாட்டுகிறது. மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு அந்த வாக்கியமும் மறைந்து போகிறது.

ஆனால் புத்தகம் அதோடு வெறுமையாகி விடவில்லை. மிச்சமிருந்த பக்கங்களில் என் மனைவி பால் கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறாள். அந்தக் கணக்கு டிசம்பர் 31 வரையில் ஒரு நாள்கூடத் தவறாமல் இருக்கிறது! பால் கணக்கு எழுதுகையில் அவளுக்கு உற்சாகம் பொங்கி வழிந்ததாக நான் ஒருநாளும் கண்டதில்லை. உற்சாகத்தோடு எழுதியவன் நான். வருஷ முடிவு வரையில் எழுதியவள் அவள். சகோதரியின் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

உற்சாகம் என்பது நல்ல விருந்தாளி. அது வந்த அன்று வீடு கலகலப்பாயிருக்கும். இலையில் இரண்டு பட்சணம் அதிகம் விழும். ஆனால் விருந்தாளி வந்தால்தான் அடுப்பு மூட்டுவது என்று வைத்துக்கொண்டால் வீட்டார் பட்டினி கிடக்க வேண்டியதுதான். நாமோ, பெரிய காரியங்களை எல்லாம் அந்த விருந்தாளியை நம்பியே ஆரம்பிக்கிறோம்.

சகோதரியின் கடிதத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு காரியம் இருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் தினந்தோறும் வாசலில் கோலம் போட்டு வருகிறார். "இன்றைக்குக் கோலம் போட உற்சாகம் இருக்கிறதா?" என்று அவர் என்றைக்காவது தம் மனத்தைக் கேட்டுக்கொண்டதுண்டா? வாசல் தெளித்ததும் கை தானாகப் பொடிக் கிண்ணத்துக்குப் போகிறது. மார்கழி மாதமானால் தெருவை அடைத்துப் பெரிய கோலம்; நடுவிலே பூசணிப் பூ. ஐப்பசி அடைமழையிலோ, தூறல் சற்று விட்ட சமயம் பார்த்து நாலு புள்ளி வைத்து ஒரு சிறு கோலம். அதை மழை அரைமணியில் அழித்துவிடும் என்று தெரிந்தும் வாசலை வெறுமையாக விடுவதில்லை. வீட்டில் திதி வந்தால் அன்று காலையில் வாசலில் கோலம் கிடையாது. அதற்காக, "போச்சு, இனிமேல் என்னால் கோலமே போட முடியாது" என்று யாரும் பொடிக் கிண்ணத்தைப் பரண்மேல் ஏற்றுவதும் இல்லை. மறுநாள் வழக்கம்போல் புள்ளி வைக்கிறார்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டிய எந்தக் காரியத்துக்கும் வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. குறித்த வேளை உண்டு. மனத்தைக் கேட்காமல் கை ஆரம்பிக்கிறது. நல்ல நாளுக்குப் பெரிய அளவும் கெட்ட நாளுக்குச் சின்ன அளவும் இருக்கின்றன. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்வதற்குத் தடை இல்லை.

"வாசல் கோலமும் பட்டப் பரீட்சையும் ஒன்றாகுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோலம் அன்றன்றைக்கு முடிந்துவிடுகிறது; படிப்போ பல வருஷம் இழுக்கிற காரியம். ஆகையால் பல வருஷம் இழுத்த ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்வோம்.

1880-ஆம் வருஷத்தில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர். அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் ஏராளமாகக் கற்றவர். அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில், அவ்வூர் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த நூல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முதலியாருக்குத் திருப்தி உண்டாகவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை.

அன்று ஆரம்பித்த சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887-ல். இடையிலே 7 வருஷங்கள், அதாவது சுமார் 2,500 நாட்கள். நூலிலுள்ள செய்யுட்களோ 3,000-க்கு மேல். அவற்றுக்கு நச்சினார்க்கினியர் உரை. ஜைன காவியமாகையால், சைவ நூல்களிலே ஊறிய ஐயருக்கு அதிலுள்ள சம்பிரதாயங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த ஜைனர்களைத் தேடிச் சென்று விநயமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓர் ஏட்டுப் பிரதிக்கும் மற்றொன்றுக்கும் பாடம் ஒத்துவரவில்லை. ஊர் ஊராகப் பிரதி தேடினார். இவ்வளவும் கல்லூரி உத்தியோகத்தை விடாமல் செய்த வேலை.

இந்த 2,500 நாட்களிலும் அவர் உள்ளத்தில் உற்சாகம் குறையாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பொடிந்து போகும் ஏட்டையும், பொருள் தெரியாத சொல்லையும் வைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அலுப்பு வராமல் இருக்க முடியாது. அலுப்பு வந்த நாளிலும் வேலை நடந்ததற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, வேலை சிறு சிறு பங்காகப் பிரிந்து கிடந்தது. சிந்தாமணி முழுவதையும் ஒரு நாளில் யாராலும் விளங்கிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு செய்யுளைப் பார்க்கலாம். ஒரு சொல்லைக் குறித்து வைக்கலாம். ஒரு பாடத்தை ஒப்பிடலாம். இரண்டாவது, "நூல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?" என்று அக்கறையோடு கேட்பதற்கு முதலியாரைப்போல் ஒருவர் இருந்தார். இந்த இரண்டாவது காரணத்துக்குப் பிறகு மறுபடியும் வருகிறேன்.

முதல் நூலுக்கு 7 வருஷம் ஆனவருக்கு அடுத்த நூல்கள் விரைந்து வந்தன. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. கை பழகிவிட்டது. முதுமையிலும் அந்தப் பழக்கம் அவரைக் கைவிடவில்லை. 1940-ல், 85-ஆம் பிராயத்தை எட்டும் சமயத்தில், ஆனந்த விகடனில் வாரந்தோறும் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். வாரம் ஓர் அத்தியாயமாக 1942 ஏப்ரலில் காலமாகும் வரையில் எழுதிவந்தார். நூல் முற்றுப் பெறவில்லை. ஆனாலும் தமிழர் கையில் இன்று அது பெரிய புத்தகமாக இருக்கிறது. முடிக்க அவகாசம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டு அவர் ஆரம்பிக்காமல் இருந்திருந்தால் நமக்கு அது கிடைத்திராது.

சிறு அளவாகப் பிரித்துக்கொண்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நமது தேசீய இயக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

காந்திஜி இராட்டினத்தைப் பிற்காலத்தில்தான் கற்றுக்கொண்டார். 1909-ல் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோதும், 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோதும் அவர் இராட்டினத்தைக் கண்ணால் கண்டதில்லை. பின்னர் கங்காபென் என்னும் அம்மையார் தேடி அலைந்து பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பிற்பாடு காந்திஜிக்கு நூற்பது நித்திய விரதமாகிவிட்டது. சிறைச்சாலையிலும் நூற்றார். 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்று கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்தபோதும் நூற்றார்.

தம்மைப்போலவே தேசத் தொண்டர்கள் எல்லோரும் நூற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1924 ஜூன் மாதம் ஆமதாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, காங்கிரஸ் பிரதிநிதிகள் தினம் அரைமணி நேரம் நூற்று, மாதம் 2,000 கஜம் நூல் அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வருஷ முடிவில் காந்திஜியே தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸில், நாலணாச் சந்தாவுக்குப் பதிலாக அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பட்டது. தாமே நூற்க இஷ்டமில்லாதவர்கள் பிறர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்றும் இடம் வைத்தார்கள்.

கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 67 கஜந்தான் ஆகிறது. பழகிய கைக்கு அது அரைமணி வேலைகூட இல்லை. அப்படியிருந்தும் ஏற்பாடு ஒரு வருஷம் நிலைக்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடிய கமிட்டி நாலணாச் சந்தாவையே திரும்பவும் கொண்டுவந்தது. நூல் கொடுப்பது அவரவர் விருப்பமாயிற்று. நூற்பதை விரதமாகக் கொண்டவர்களுக்கென்று அகில இந்திய சர்க்கா சங்கம் தனியாக ஏற்பட்டது.

அளவு சிறியதாயிருந்தும் காரியம் ஏன் நடக்கவில்லை? நூற்பது காந்திஜிக்குச் சொந்த விரதம். பலருக்கோ அது சபையில் கை தூக்கி ஏற்றுக்கொண்ட தீர்மானம். காசு கொடுத்துப் பிறர் நூலை வாங்கித் தீர்த்துவிடக்கூடிய கடன். பிறருக்காக ஏற்றுக்கொண்ட லட்சியம் 67 கஜ நூலைக்கூடத் தாங்காது. ஆகையால் சகோதரி முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பட்டம் யாருக்காக? கேலி செய்கிறவர்களின் வாயை அடைப்பதற்கா? பாதியில் பறிபோன ஒன்று எனக்கு வேண்டும் என்பதற்கா?" முதற் காரணமானால் வாய்கள் ஓய்ந்த அன்றே படிப்பும் ஓய்ந்துவிடும். இரண்டாவது காரணம் நிலைத்து நிற்கும். மூன்று முறை பணம் கட்டியவர் இரண்டாவது காரணத்துக்காகவே கட்டியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

இனி, பழக்கம் ஏற்பட எத்தனை நாள் பிடிக்கும் என்பதைப் பார்க்கலாம். மருந்தானாலும் விரதமானாலும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று நம் பெரியவர்கள் கணக்கு வைத்தார்கள். லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்னும் பெண்மணியும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 96 பேரிடம் ஆளுக்கு ஒரு சிறு காரியத்தை 12 வாரம் தினந்தோறும் செய்து வரும்படி சொன்னார்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு அதை முடிச்சுப் போட வேண்டும் என்பது நிபந்தனை. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது, இராச் சாப்பாட்டுக்கு முன் கால்மணி நேரம் ஓடுவது என்பன போன்ற காரியங்கள்.

யோசிக்காமலே கை செய்யும் நிலை வருவதற்குச் சராசரி 66 நாட்கள் ஆகின்றன என்று கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். ஒருவருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. எனவே மூன்றாவது வாரத்தில் அலுப்புத் தட்டியதற்காக ஒருவர் தம்மைச் சோம்பேறி என்று தீர்மானிப்பது, நெல் விதைத்து 21-ஆம் நாள் அரிவாளோடு வயலுக்குப் போய்விட்டு, "நிலம் சரியில்லை" என்று திரும்பி வருவதைப் போன்றது. மற்றொரு விஷயத்தையும் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால், பழக்கம் படிவது குறிப்பிடத்தக்கவாறு கெட்டுவிடுவதில்லை. திதியன்று விட்ட கோலத்தை மறுநாள் போடும் நம் பெண்கள் இதை ஆராய்ச்சியில்லாமலே அறிந்திருக்கிறார்கள்.

ஆதலால், சகோதரிக்கு என் யோசனை வருமாறு:

முதலாவதாக, படிப்புக்கென்று புதிதாக ஒரு வேளையைத் தேட வேண்டாம். தினம் தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் அதைக் கட்டிவிடுங்கள். மத்தியானம் பாத்திரம் ஒழித்துப் போட்டதும் என்றோ, மாலைக் காப்பி ஆனதும் என்றோ தீர்மானித்துக்கொள்ளுங்கள். புத்தகம் பரணில் இருக்கக்கூடாது. அந்த வேலை முடியும் இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, இரண்டு அளவுகளை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளுக்கு இரண்டு பக்கம். தலைவலி, விருந்தாளி, ஜுரம் என்று வருகிற மழை நாளுக்கு நாலு புள்ளிக் கோலம்: நாலே வரி. நாலு வரியால் பரீட்சை தேறாது என்பது வாஸ்தவம். ஆனால் வாசல் வெறுமையாக இராது. நாளைக்கு மறுபடியும் ஆரம்பிப்பது சுலபமாயிருக்கும். தினம் இரண்டு பக்கமென்றால் வருஷத்துக்கு 730 பக்கம். ஐம்பது, அறுபது நாள் தவறினாலும் 600 பக்கத்துக்குக் குறையாது.

மூன்றாவதாக, உற்சாகம் பொங்குகிற நாளில் இராத் தூக்கத்தை விடாதீர்கள். மூன்று தடவையும் உங்களை வீழ்த்தியது இரண்டாவது வாரத்து அலுப்பு என்று எண்ணுகிறீர்கள். முதல் வாரத்துக் கண்விழிப்பே அந்த அலுப்பைக் கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன். மார்கழிக் கோலத்தை வருஷம் முழுவதும் போட முயன்றால் யாருடைய இடுப்பும் தாங்காது.

நாலாவதாக, படித்த நாளில் சுவரிலுள்ள நாட்காட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாதம் சென்று பார்த்தால் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அப்பொழுது தேடாமலே உற்சாகம் வரும். வேலைக்கு முன்னால் அதை எதிர்பார்த்தால் வருவதில்லை. வேலைக்குப் பின்னால் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

இவ்வளவும் சகோதரிக்கு. இனி அவர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது அத்தனையும் வீண்.

சாமிநாதையர் ஏடும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது சமையல் அறையில் வேறொருவர் அடுப்பூதிக்கொண்டிருந்தார். காந்திஜி நூற்கும் அரைமணியில், "என் சட்டை எங்கே?" என்று யாரும் வந்து கேட்டிருக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கோ, விழித்திருக்கும் நேரம் முழுவதும் பிறர் கூப்பிடு தூரத்திலேயே கழிகிறது. இரண்டு பக்கம் படிப்பதற்குள் நாலு தடவை எழுந்திருக்கிறவரைப் பார்த்து, "உனக்கு விடாமுயற்சி இல்லை" என்று சொல்வது நியாயமா? மாலைக் காப்பிக்குப் பிறகு அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் அவருக்கு வீட்டில் பூரண சுயராஜ்யம் கொடுங்கள். காலிங் பெல் அடித்தால் நீங்கள் போய்த் திறவுங்கள். பால் பொங்கினால் நீங்கள் இறக்கி வையுங்கள்.

சேலம் இராமசாமி முதலியார் செய்த உதவியையும் நீங்கள் செய்யலாம். "ஆரம்ப சூரத்தனம்" என்று சொல்வதற்குப் பதிலாக, "அம்மா, இன்றைக்கு எதுவரைக்கும் வந்தது? எனக்குக் கொஞ்சம் சொல்லேன்" என்று இராச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை. அம்மாவின் படிப்பைத் தினம் ஒருவர் விசாரிக்கிற வீட்டில் புத்தகம் அவ்வளவு சீக்கிரம் பரணுக்குப் போகாது.

கடைசியாக, நான் சோம்பேறியா என்ற கேள்விக்கு விடை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பொழுது விடியுமுன் எழுந்து வாசலுக்கு அழகு செய்து வருகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தக் கைக்குத் தெரிந்த வித்தையைத்தான் அவர் இப்பொழுது புத்தகத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாலாந்தடவையாகப் பணம் கட்டலாம், தயங்க வேண்டாம்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்வது தர்மமல்ல. இவ்வருஷம் புது நாட்குறிப்பு வாங்கவில்லை. பால் கணக்குப் புத்தகத்திலேயே ஒவ்வொரு நாளும் கணக்குக்குக் கீழே நான் ஒரு வரி எழுதிக்கொள்ளலாமா என்று மனைவியிடம் அனுமதி கேட்டேன். "ஒரு வரி எழுதலாம்; அதற்குமேல் இடமில்லை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எழுதத் தொடங்கி இன்றோடு 19 நாள் ஆகிறது. மாட்டுப் பொங்கல் தாண்டிவிட்டது.